ஈரம் ஆகாத கார்

வெளிநாட்டிலிருந்து அண்ணன் லீவில் வந்தது அம்மாவைப் பார்க்கத்தான் என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், பாவம். வந்த அன்றே அவன் பெட்டிகளைத் திறந்து ஹால் முழுக்கச் சாமான்களைப் பரப்பியபோதுதான் தங்கைக்கு விஷயம் விளங்கியது. அம்மாவுக்கு ஒரு சால்வை வந்திருந்தது. மீதி அத்தனையும் காருக்கு.

கார் அப்பாவுடையது. உதிரி பாகம்கூடக் கிடைக்காத அரதப் பழசு. அப்பா அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். சாகும்போது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கோடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எதை என்று சொல்வதற்குள் கண்ணை மூடிவிட்டார். அண்ணன் துளிச் சந்தேகமும் இல்லாமல் காரை என்று எடுத்துக்கொண்டான். மிச்சம் இருந்தது அம்மா. அவள் தங்கையின் தலையில் வந்து சேர்ந்தாள்.

தங்கைக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. கல்யாணம் சரிப்படாமல் என்றைக்கோ அம்மாவிடம் திரும்பி வந்தவள் அவள். ஒரு பெரிய சலவை நிலையத்தில் மேற்பார்வை வேலை. பகலெல்லாம் நீராவிக்கு நடுவில் நின்று, ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் ஒழுங்காகக் காய்ந்தனவா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஈரத்தை விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அண்ணனைத்தான் அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இனி மூன்று வருடத்துக்கு வர முடியாது, வேலை அப்படி என்றான். அதுவரை ஓடாமல் நிற்கப்போகும் காரில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த லீவு. முதல் வேலையாகக் காரைக் கழுவி வெயிலில் நிறுத்தினான். கதவுக்கு அடியிலும் மட்கார்டுக்கு உள்ளேயும் சொட்டுத் தண்ணீர் தங்கக் கூடாதாம். காய்ந்ததும் மெழுகு பூசினான். பம்பருக்கு கிரீஸ் தடவினான். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினான். பெட்ரோல் டேங்கை வாய்வரை நிரப்பினான். டேங்கில் காலி இடம் இருந்தால் காற்று இருக்கும், காற்று இருந்தால் ஈரம் இருக்கும், ஈரம் இருந்தால் துரு வந்துவிடும் என்று தங்கையை நிற்க வைத்துப் பாடம் எடுத்தான். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டான், குழந்தைக்குக் காதில் மருந்து விடுவதுபோல. எலி புகாமல் சைலன்சர் வாயில் துணி அடைத்தான். பேட்டரியைக் கழற்றினான். தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காரை இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி, சக்கரங்களைப் பழைய போர்வையில் சுற்றிச் சுவரில் மாட்டினான். கடைசியில் பருத்தித் துணியில் தைத்த உறை. பிளாஸ்டிக் உறை கூடாதாம், உள்ளே புழுங்குமாம். காருக்கும் மூச்சு விட வேண்டும் என்று அவன் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த கனிவைப் பார்த்துத் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. கார் நிற்கும் ஷெட்டின் தரைக்கு ஈரம் ஏறாத பூச்சு, சுவருக்குப் புது வண்ணம், கதவின் விளிம்புக்கு ரப்பர். மூலையில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வாளியில் சேர்க்கும் மெஷின் ஒன்று. உள்ளூரில் கிடைக்காததாம், அங்கிருந்தே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்ட ஒரு மீட்டர். இவையெல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்று அங்கிருந்தே பார்த்துக்கொள்ள சுவரில் ஒரு கேமரா.

அந்த வீட்டில் மொத்தம் ஒரு ஹால், ஒரு சமையலறை, அம்மாவின் அறை, ஹாலை ஒட்டிய இந்த ஷெட். வீடு பள்ளத்தில் இருந்தது. மழைக்காலம் வந்தால் ஹாலின் தரையே வேர்க்கும். அம்மாவின் அறை இன்னும் மோசம், குளியலறையை ஒட்டி இருந்தது. சுவர் இடுப்பளவுக்கு ஊறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு செதில் செதிலாக விழுந்துகொண்டிருக்கும். அலமாரியில் இருக்கும் புடவைகளில் பூஞ்சை வாடை அடிக்கும். அம்மாவுக்கு நெஞ்சில் ஆஸ்துமா. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்குக் காத்திருக்க வேண்டும். ராத்திரிகளில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள், அந்தச் சுவரும் ஈரம்.

அந்த மெஷினை அம்மாவின் அறையில் வைக்கலாமே என்று தங்கை கேட்டுப் பார்த்தாள். ஜன்னலை அடைத்தால்தான் மெஷின் வேலை செய்யும், ஜன்னலை அடைத்தால் அம்மாவுக்கு மூச்சு முட்டும், திறந்து வைத்தால் மெஷின் தெருவைத்தான் காயவைத்துக்கொண்டிருக்கும் என்றான். சரி, அம்மாவின் அறைக்கும் தரை, சுவர் எல்லாம் பூசிக் கொடேன் என்றாள். சுவருக்குள் குழாய் கசிகிறது, முதலில் அதைத் தோண்ட வேண்டும், அடுத்த தடவை பார்க்கலாம் என்றான். அண்ணன் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அவனிடம் இருந்த கோளாறே அதுதான்.

"பாவம்டி அவன், ஒத்தையா எவ்வளவுதான் பாப்பான்" என்றாள் அம்மா, நடுவில் மூன்று முறை நின்று. தங்கை தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அண்ணன் விமானம் ஏறியதிலிருந்து ஷெட்டின் உத்தியோகம் தங்கைக்கு வந்தது. வேலைக்குப் போகுமுன் மெஷினின் வாளியைக் கொட்ட வேண்டும். மீட்டரைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். காருக்கு அடியில் டார்ச் அடித்து எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். தங்கை போன் செய்தால் அண்ணன் முதலில் மீட்டரைக் கேட்பான், அப்புறம் எலியைக் கேட்பான், வைக்கும்போது அம்மா எப்படி இருக்கிறாள் என்பான். இருக்கிறாள் என்று தங்கை சொன்னதும் நல்லது என்று வைத்துவிடுவான். இரும்புக்கு வரும் நோயெல்லாம் அவனுக்கு அத்துப்படி, பெற்றவளுக்கு என்ன நோய் என்று கேட்டால் 'வயசாச்சு இல்லையா' என்பான்.

மழை விடாமல் கொட்டிய ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தங்கை வாளியைக் கொட்டப் போனபோது, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அறைக்குள் இருக்க முடியவில்லை என்று கையால் காட்டினாள். ஷெட்டின் வாசலில் நின்றவள் ஒரு தடவை மூச்சை இழுத்தாள். அது உள்ளே போனது. இன்னொரு தடவை இழுத்தாள். தடையில்லாமல் போனது. ஏதோ கடையில் ஓசியில் கொடுத்ததுபோல அவள் சந்தேகத்தோடு தங்கையைப் பார்த்தாள்.

ஷெட்டில் ஒரு நாற்காலி போடக்கூட இடமில்லை. காரைச் சுற்றி ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்குத்தான் சந்து. தங்கை ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு உறையை ஒரு பக்கம் தூக்கி முன் கதவைத் திறந்து, சமையலறை முக்காலியைப் படியாகப் போட்டு, அம்மாவை முன் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தாள். அப்பா இருந்தவரைக்கும் அம்மாவுக்குப் பின் சீட்டுத்தான். கண்ணாடியை இறக்கினால் தூசி வரும், கைப்பிடியைத் தொட்டால் ரேகை விழும் என்று அவர் படுத்திய பாட்டில், வழி நெடுகக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள். இப்போது முன் சீட்டைப் பின்னால் சாய்த்துக் கொடுத்ததும் காலை நீட்டிக்கொண்டாள்.

"உங்கப்பா பாத்தா... கத்துவாருடி" என்றாள்.

"கத்தட்டும். போய்ச் சேந்தவருக்கு மெஷினும் வேணாம், மீட்டரும் வேணாம்."

அம்மா சிரித்தாள். சிரித்தபிறகு இருமவில்லை என்பதைத் தங்கை கவனித்தாள். ஐந்து நிமிடத்தில் அம்மா தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருக்க, தோள் இரண்டும் தளர்ந்து, கூப்பிட்டாலும் எழுந்திருக்காத தூக்கம். அந்தத் தூக்கத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிவிட்டது என்று நினைத்ததும் தங்கைக்குக் கண் கலங்கியது. கூடவே அண்ணன் மேல் ஆத்திரமும் வந்தது. வீட்டிலேயே காய்ந்த காற்று இருந்திருக்கிறது, அதற்குள் ஒரு தகர டப்பாவைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறான்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. தங்கை வேலைக்குப் போகும்போது அம்மாவைக் காரில் ஏற்றிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி மத்தியானம் வந்து சாப்பாடு கொடுப்பாள். அப்படி வந்தவள், பெரியம்மா எந்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள் என்று கிண்டல் செய்ய, அம்மா ஸ்டியரிங்கில் கையை வைத்து, இதோ திரும்பி வந்துகொண்டிருக்கிறேன் என்றாளாம், நடுவில் நிற்காமல். ராத்திரிகளிலும் அவள் காரிலேயே தூங்க ஆரம்பித்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. தங்கையும் ஹாலில் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு நாள் அண்ணனே கூப்பிட்டான். அவனாகக் கூப்பிடுவது அபூர்வம். தங்கை பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் சோப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"மீட்டர் ஏன் ஏறிக்கிட்டே போகுது? கேமராவுல பாத்தேன், உறையத் தூக்கி வச்சிருக்கே. அம்மா வண்டிக்குள்ள என்ன பண்றாங்க?"

தங்கை சொன்னாள். அங்கே உட்கார்ந்தால்தான் மூச்சு சீராக வருகிறது, இத்தனை நாளில் ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை, மருந்தையே குறைத்தாகிவிட்டது என்று விளக்கமாகவே சொன்னாள். கேட்டால் சந்தோஷப்படுவான் என்று ஒரு நிமிடம் நம்பினாள், அந்த முட்டாள்தனத்தை நினைத்துப் பிற்பாடு அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

"அதாண்டி பிரச்சனையே" என்றான் அண்ணன், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாக. "மனுஷ மூச்சுல எவ்வளவு ஈரம் இருக்கு தெரியுமா? வண்டிக்குள்ள ஒரு ஆள் உக்காந்து ராப்பகலா மூச்சு விட்டா, அத்தனையும் சீட்டுக்கு அடியில தகட்டுலதான் போய்ப் படியும். வெளியில பளபளன்னு இருக்கும், உள்ளுக்குள்ள அரிச்சிடும். நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும். அம்மாவ வேற எங்கயாவது மூச்சு விடச் சொல்லு."

தங்கை சோப்புக் கையோடு போனை எடுப்பதற்குள் அவன் சொல்லி முடித்துவிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"அவன் சொல்றது சரிதாண்டி" என்றாள். "படிச்சவன்."

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். மறுநாள் தங்கை காரின் கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டாள். அம்மா வரவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், பட்டினி கிடப்பேன் என்று மிரட்டினாள். அம்மா அசையவில்லை. அப்பாவின் கார், தன் மூச்சுப் பட்டுக் கெட்டதென்று இருக்க வேண்டாம் என்றாள். அந்தப் பேச்சையும் இரண்டிரண்டு வார்த்தையாகத்தான் சொல்ல முடிந்தது.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு விடியற்காலையில் உதடு நீலம் பாரித்துப் போய், அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றும்படி ஆகிவிட்டது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு அவள் கிடந்த அத்தனை நாளும் தங்கை ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே இருந்தாள். அண்ணனுக்குச் சொன்னாள். அவன் பதறித்தான் போனான். டாக்டர் பேரைக் கேட்டான், மருந்தின் பேரைக் கேட்டான். வர முடியுமா என்று கேட்டதற்கு, இப்போது போய் லீவு கேட்டால் வேலையையே விட்டுவிடச் சொல்வார்கள் என்றான். போனை வைக்கப்போகும்போது கொஞ்சம் தயங்கி, ஆஸ்பத்திரியிலேயே இருப்பதால் மெஷின் வாளி நிரம்பி வழியப்போகிறது, பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லிக் கொட்டச் சொல் என்றான்.

இந்த நுரையீரலுக்கு மருந்தைவிடக் காய்ந்த அறைதான் முக்கியம், பழைய அறைக்குக் கொண்டுபோனால் மறுபடி இங்கேதான் வர வேண்டியிருக்கும், அடுத்த தடவை இப்படித் திரும்பிப் போவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தங்கை அம்மாவை நர்சிடம் ஒப்படைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தாள். உடை மாற்றவில்லை. தெருமுனைக்குப் போய் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்து, சக்கரங்களை மாட்டிக் காரைத் தெருவில் தள்ள வேண்டும் என்றாள்.

மெக்கானிக் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அண்ணனைக் கேட்டாகிவிட்டதா என்றான். அண்ணன் வந்தால் என் தோலை உரித்துவிடுவார் என்றான். வெளியே தூறிக்கொண்டிருந்த மழையைக் காட்டினான்.

"இத மழையில நிறுத்த எனக்குக் கை வரலக்கா" என்றான் கடைசியில்.

"எங்கம்மாவ ஈரத்துல படுக்க வைக்க எங்கண்ணனுக்குக் கை வந்துச்சுல்ல. நீ சக்கரத்த மாட்டு."

அவன் சுவரிலிருந்து சக்கரத்தை இறக்கிப் போர்வையை அவிழ்த்தான். பக்கத்து வீட்டுக்காரியும் அவள் புருஷனும் வந்து ஒரு கை கொடுத்தார்கள். அத்தனை ஆயிலும் கிரீஸும் வீண் போகவில்லை, கார் சத்தமில்லாமல் உருண்டு தெருவுக்குப் போனது. தங்கை ஷெட்டைக் கழுவித் துடைத்து, ஈரத்தை மெஷின் இழுக்கும்வரை காத்திருந்து, அம்மாவின் கட்டிலைக் கொண்டுவந்து போட்டாள். இரண்டு அலமாரியும் ஒரு நாற்காலியும் போட்டபிறகும் இடம் மிச்சம் இருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு பெரிய அறை ஒன்று இருந்தது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

அம்மா வந்து கட்டிலில் சாய்ந்ததும் முதலில் கார் எங்கே என்று கேட்டாள். தெருவில் என்றதும் முகம் சுருங்கியது. உறையையாவது போட்டுவிடு, அப்பா ஆசையாக வைத்திருந்தது என்றாள். தங்கை போட்டாள். மழையில் ஊறிய பருத்தித் துணி காரோடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, ஈரத் துணியோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவள். அம்மா சொன்னாள் என்பதற்காகப் போட்டாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே போன் அலறியது. கார் எங்கே என்றான் அண்ணன். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள் என்றாள் தங்கை. கார் எங்கே என்று திரும்பக் கேட்டான். தெருவில் நனைகிறது என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது.

லீவு எப்படியோ கிடைத்துவிட்டது. ஷெட்டின் தெருப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள், கட்டிலில் இருந்தபடி அம்மாவும் பார்த்தாள். அண்ணன் பெட்டியைத் தண்ணீரில் அப்படியே விட்டுவிட்டுக் காரிடம் ஓடினான். ஒட்டிக்கொண்டிருந்த உறையை உரித்து எடுத்தான். சட்டையைக் கழற்றிப் பானெட்டைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க மழை நனைத்தது. கதவுகளைத் திறந்து, மண்டியிட்டு, அடி விளிம்புகளில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று தங்கைக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் பேசியபோது இந்த அழுகை எங்கே போயிருந்தது என்று நினைத்தாள்.

"நனையறான்" என்றாள் அம்மா.

பாவம்டி என்று ஆரம்பிக்கப்போகிறாள் என்று தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து அண்ணன் எழுந்து ஷெட்டின் வாசலுக்கு வந்தான். பனியனிலிருந்தும் தலையிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வலது கை விரலில் செம்மண் நிறத்தில் துரு. அதை அம்மாவின் பக்கம் நீட்டினான்.

"பாரும்மா. இவ என்ன பண்ணி வச்சிருக்கான்னு பாரு."

அம்மா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அவன் காலடியில் தேங்கும் தண்ணீரைப் பார்த்தாள். அவன் உள்ளே வர ஒரு காலைத் தூக்கினான்.

"அங்கயே நில்லுப்பா" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை, நடுவில் எங்கேயும் மூச்சு நிற்கவும் இல்லை. "ஈரத்தோட உள்ள வராத. எனக்கு ஆகாது."

அண்ணன் தூக்கிய காலைப் பின்னால் வைத்தான். அம்மா சொன்னது சரி. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, நிலைப்படிக்கு அந்தப் பக்கம், மழையிலேயே நின்றான். தங்கைக்கு முதல் தடவையாக அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் துண்டு எடுத்துக் கொடுக்க அவள் எழுந்திருக்கவில்லை.